உஷார்! வேக் மெஷின் ஓடுகிறதென்று அசந்துவிடாதீர்கள்

உங்கள் வீட்டு ஆள் ஒருவர் விபத்தில் கால் நசுங்கி, உடைந்த எலும்பு வெளியே தெரிய, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரா? காயத்துக்கு 'வேக்' என்ற உறிஞ்சும் மெஷினைப் போட்டிருக்கிறார்களா? அப்படியானால் இதைக் கடைசிவரை படியுங்கள். அதற்கும் முன்னால் எழுந்துபோய், குழாய் போய்ச் சேரும் அந்த டப்பாவை ஒருமுறை பாருங்கள். உள்ளே இருப்பது நீர்த்துப்போன இளஞ்சிவப்புத் திரவமா, பளிச்சென்ற ரத்தமா? ரத்தம் என்றால் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2009 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., அதாவது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு, இந்தச் சிகிச்சையைப் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய 2 ஆண்டுகளில் 6 பேர் இறந்ததாகவும் 77 பேருக்குப் பாதிப்பு ஏற்பட்டதாகவும் அவர்களுக்குத் தகவல் வந்திருந்தது. 2011 பிப்ரவரியில் மறுபடி எச்சரித்தார்கள். மேலும் 6 மரணங்கள், மேலும் 97 பேருக்குப் பாதிப்பு. கை கால் காயம் மட்டுமல்ல, நெஞ்சு, வயிறு, இடுப்பு மடிப்பு என்று எல்லா வகைக் காயங்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனால் மரணங்களுக்கு முதன்மையான காரணம் ஒன்றுதான்: ரத்தப்போக்கு. இறந்தவர்களில் பெரும்பாலானோர் ஆபரேஷன் தியேட்டரில் இறக்கவில்லை. வீட்டிலும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களிலும் இறந்தார்கள். அங்கெல்லாம் மெஷின் ஓடினாலும், பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் எப்போதும் இருப்பதில்லை.

நம் ஊர் எலும்பு முறிவு வார்டுகளில் இன்று வேக் சாதாரணமாகிவிட்டது. "வேக் போட்டாச்சுண்ணே, இனி பயமில்ல" என்று போனில் ஊருக்குச் செய்தி போகிறது. குழாய், மெஷின், எண்கள் ஒளிரும் திரை எல்லாம் சேர்ந்து பெரிய வைத்தியம் நடக்கிறது என்ற நம்பிக்கையை உண்டாக்கிவிடுகின்றன. அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் அசந்துபோகிறார்கள். அட்டெண்டராக இருக்கும் தம்பி கட்டிலுக்கு அடியில் தூங்கப் போகிறான். அடுத்த ஆபரேஷன் எப்போது என்று யாரும் கேட்பதில்லை. நான் இதை எழுதுவது அந்தத் தம்பிக்காகத்தான்.

முதலில் இந்த மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காயத்தைச் சுத்தம் செய்தபின், அதன் அளவுக்குக் கத்தரித்த கறுப்பு ஸ்பாஞ்சை உள்ளே பொருத்துகிறார்கள். மேலே ஒட்டும் பிளாஸ்டிக் படலத்தைக் காற்றுப் புகாமல் ஒட்டுகிறார்கள். படலத்தில் ஒரு ஓட்டை போட்டுக் குழாயை இணைத்து உறிஞ்சவிடுகிறார்கள். வழக்கமாக வைக்கும் அளவு, பாதரசக் கணக்கில் 125 மில்லிமீட்டர். மெஷினைப் போட்டதும் புடைத்திருந்த ஸ்பாஞ்ச் உலர்திராட்சை மாதிரிச் சுருங்கி உள்ளே இறங்கும். அப்படிச் சுருங்கி இறுகி இருந்தால் உறிஞ்சல் சரியாக நடக்கிறது. மெத்தென்று பொங்கி நின்றால் எங்கோ காற்று புகுகிறது. இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் படிப்பு வேண்டாம், கண்ணும் ஒரு விரலும் போதும்.

அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆர்ஜென்டா, மைக்கேல் மோரிக்வாஸ் இருவரும் 1997-ல் இந்த முறையை விளக்கிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். பன்றிகளின் காயத்தில் சோதித்தபோது, 125 அளவில் சுற்றியுள்ள சதையில் ரத்த ஓட்டம் சுமார் 4 மடங்கு கூடியது. உலகமெங்கும் இந்த எண்ணை வைப்பது அதிலிருந்து வந்த வழக்கம். மெஷின் காயத்தில் தேங்கும் நீரை இழுக்கிறது, வீக்கத்தைக் குறைக்கிறது, காயத்தின் ஓரங்களை உள்நோக்கி இழுக்கிறது, புதுச் சதை வளர உதவுகிறது. வார்டின் அழுக்கும் ஈயும் காயத்தில் படாமல் மூடி வைக்கிறது. தினமும் கட்டைப் பிரித்து நோயாளியை அலறவிட வேண்டியதில்லை. இவையெல்லாம் உண்மையான பலன்கள். வேக் வேண்டாம் என்று நீங்கள் டாக்டரிடம் சண்டை போட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் மெஷினால் முடியாதவை சில உண்டு. செத்த சதையை அது வெட்டி எடுக்காது. உள்ளே புதைந்த மண்ணையும் தார்த் துகளையும் எடுக்காது. ஆன்டிபயாடிக் வேலையைச் செய்யாது. உடைந்த எலும்பை நிலைநிறுத்தாது. வெளியே தெரியும் எலும்புக்கு மேல் நல்ல சதையையும் தோலையும் கொண்டுவந்து மூடாது. இவை அத்தனையும் டாக்டரின் கைவேலை. அடுத்த ஆபரேஷன் வரை காயத்தைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் மெஷினின் வேலை.

இப்போது ரத்தத்துக்கு வருகிறேன், எல்லாவற்றிலும் அவசரமானது அதுதான்.

சாதாரணக் கட்டில் ரத்தம் கசிந்தால் பஞ்சு நனையும், படுக்கை விரிப்பு நனையும், யாராவது பார்த்துவிடுவார்கள். வேக்கில் படுக்கையில் ஒரு சொட்டுகூட விழாது. படலத்துக்கு அடியில், குழாய் வழியாக, சத்தமில்லாமல் டப்பாவுக்குப் போய்விடும். விபத்துக் காயத்தில் ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே அடிபட்டவை. தியேட்டரில் கட்டிய முடிச்சு ஒன்று நழுவலாம், உறைந்து அடைத்திருந்த கட்டி விடுபடலாம், கூரான எலும்பு விளிம்பு ஒரு குழாயை உரசி அறுக்கலாம். ரத்தம் தானாக உறைந்து நிற்கப் பார்க்கும் இடத்தில் மெஷின் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். இதற்கு மேல், ரத்தம் கட்டாமலிருக்க மருந்து எடுப்பவரென்றால் கேட்கவே வேண்டாம். மாரடைப்புக்குப்பின் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களும்தான் ஸ்கூட்டரில் போகிறார்கள், அவர்களும்தான் அடிபடுகிறார்கள். அசையாமல் படுத்திருப்பதால் காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று வார்டிலேயே வயிற்றில் ஹெப்பாரின் வகை ஊசி போடுவதும் உண்டு. அது தேவையான ஊசி, நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் அந்த ஊசி போகிறது, வேக்கும் ஓடுகிறது என்றால் டப்பாவை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். அறுந்த ரத்தக்குழாயைத் தைத்து இணைத்திருந்தால் அதைவிடவும் கூடுதல் கவனம். ரத்தக்குழாயோ நரம்போ திறந்து கிடக்கும் இடத்தில் ஸ்பாஞ்சை நேரடியாக வைக்கவே கூடாது என்பது விதி.

குழாயிலோ டப்பாவிலோ பளிச்சென்ற சிவப்பு ரத்தம் திடீரென்று வந்தால் உடனே மெஷினை நிறுத்துங்கள். ஸ்பாஞ்சைப் பிய்த்து எடுக்காதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். சுத்தமான துணியை மேலே வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். கூச்சப்படாமல் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் 108. மெஷினை நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறது என்று அந்த நேரத்தில் தேடக் கூடாது. வேக் போட்ட அன்றைக்கே சிஸ்டரிடம் கேட்டுக் கையால் தொட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். கம்பெனி மெஷினுக்குச் செலவு அதிகம். அதனால் பல இடங்களில் சுத்திகரித்த சாதாரண ஸ்பாஞ்ச், ஒட்டும் படலம், ஒரு டியூப் ஆகியவற்றை வைத்துச் சுவரிலுள்ள சக்‌ஷன் பாயின்ட்டில் இணைத்துவிடுகிறார்கள். ஏழை நோயாளிக்கு இந்தச் சிகிச்சை எட்டியதே இந்த வழியில்தான். அதைச் செய்யும் டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன், கைக்கெட்டியதை வைத்து ஒரு காலைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஆனால் கம்பெனி மெஷினில் காற்றுக் கசிந்தால், குழாய் அடைத்தால், டப்பா நிரம்பினால் அலாரம் அடிக்கும். சுவர் சக்‌ஷனுக்கு அலாரம் கிடையாது. முறையான ரெகுலேட்டர் இல்லாமல் திறந்துவிட்டால் 125-க்கு எங்கோ மேலே போய்விடும். அதில் மாட்டியிருக்கும் ஜாடியும் பெரியது, எவ்வளவு ரத்தம் போனாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் ஆளுக்குச் சுவர் சக்‌ஷனில் போட்டிருந்தால், அந்த வார்டில் அலாரம் நீங்கள்தான். ஜாடியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, மணிக்கொருமுறை அளவைக் கோடு போட்டுக் குறியுங்கள். ராத்திரி 2 மணிக்கும் எழுந்து பாருங்கள். முறை போட்டுக்கொண்டு பாருங்கள்.

ரத்தம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஸ்பாஞ்சுக்கு அடியில் இருக்கிறது. முதல் ஆபரேஷனில் செத்த சதை முழுவதையும் வெட்டி எடுக்காமல், மண்ணைக் கழுவி எடுக்காமல், அவசரத்தில் மேலே ஸ்பாஞ்சை வைத்து மூடிவிட்டால் என்ன ஆகும்? வெதுவெதுப்பாக, ஈரமாக, மூடிய இடம். கிருமிகள் பெருக இதைவிட வேறென்ன வேண்டும்? விபத்தில் நசுங்கிய சதை முதல் நாளே முழுக்கச் செத்துவிடுவதில்லை. முதல் நாள் சிவப்பாகத் தெரிந்தது இரண்டாம் நாள் கறுத்துப்போகும். அதனால்தான் பெரிய காயங்களில் ஒருமுறை சுத்தம் செய்ததோடு விடாமல், 48 மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம். "வேக் ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அந்த இரண்டாவது பார்வையைத் தள்ளிப்போடும்போதுதான் கால் போகிறது.

இதற்கு நீங்கள் கவனிக்க வேண்டியது எளியது. காய்ச்சல் குறையாமல் ஏறுகிறதா, காயத்தைச் சுற்றிச் சிவப்பும் சூடும் பரவுகிறதா, டப்பாவுக்கு வரும் திரவம் கலங்கிச் சீழாக மாறுகிறதா, அழுகல் வாடை வருகிறதா. ஸ்பாஞ்சை மாற்றும்போது லேசான வாடை வருவது இயல்பு. சுத்தம் செய்தபிறகும் போகாத வாடை இயல்பல்ல. தோலுக்கு அடியில் நறநறவென்று காற்று தட்டுப்பட்டால் அது படுஅவசரம். அப்படி ஆனால் மெஷினின் அளவைக் கூட்டுவதில் பலனில்லை, தியேட்டருக்குத்தான் போக வேண்டும்.

கால் விரல்களையும் மறக்காதீர்கள். அவை வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். சூடாக இருக்கின்றனவா, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் உடனே திரும்புகிறதா, தொட்டால் உணர்கிறாரா? மருந்து கொடுத்தும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போய், விரலை யாராவது அசைத்தாலே அலறுகிறார் என்றால், உள்ளே சதையின் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கப்போகிறது என்று அர்த்தம். காலைச் சுற்றி வளையமாகப் படலம் ஒட்டியிருந்தால் இந்த ஆபத்து கூடும். உள்ளே ஏறும் அந்த அழுத்தம் சில மணி நேரத்திலேயே காலைப் பறிக்கும் சங்கதி. "காலையில ரவுண்ட்ஸ்ல சொல்லிக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள்.

இனி, தள்ளிப்போடுவதைப் பற்றி. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

எலும்பு வெளியே தெரியும் காயத்தை நல்ல சதையால் மூடுவதை ஃபிளாப் என்கிறார்கள். பிளாஸ்டிக் சர்ஜன் செய்வது. ஸ்லோவேனியாவின் மார்கோ கோடினா 1986-ல் வெளியான தன் ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் மூடிய காயங்களில் ஃபிளாப் தோற்பதும் சீழ் பிடிப்பதும் மிகக் குறைவு என்று காட்டினார். வேக் வந்ததும், காயம்தான் மூடியிருக்கிறதே, மெதுவாக ஃபிளாப் செய்யலாம் என்ற எண்ணம் பரவியது. அதை 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு போட்டு உடைத்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, மூடத் தோலும் சதையும் இல்லாத 38 பேர். எல்லோருக்கும் வேக். 7 நாளுக்குள் ஃபிளாப் போட்டவர்களில் 12.5 சதவீதம் பேருக்குச் சீழ் பிடித்தது. 7 நாள் தாண்டியவர்களில் 57 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்த வித்தியாசத்தைப் பாருங்கள். மெஷின் ஓடியதால் காலக்கெடு தள்ளிப்போகவில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியும் முடிந்தால் முதல் ஆபரேஷனிலேயே மூடுங்கள், இல்லாவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மூடுங்கள் என்கிறது. உடனே மூட முடியாதபோது இடைக்காலத்துக்கு வேக் போடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. வேக்குக்கு அது தரும் இடம் அவ்வளவுதான்.

சரி, வேக் போட்டால் சீழ் பிடிப்பது குறையுமா? 2009-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு குறையும் என்றது. 62 எலும்பு முறிவுகள். சாதாரணக் கட்டுப் போட்டவற்றில் 28 சதவீதத்துக்கு ஆழமான சீழ், வேக் போட்டவற்றில் சுமார் 5 சதவீதம். இந்த எண்ணைத்தான் இன்றும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதன்பின் இங்கிலாந்தில் 24 மருத்துவமனைகளில் 460 பேரை வைத்து 'வுல்ஃப்' என்ற பெரிய ஆய்வு நடந்தது, 2018-ல் முடிவு வந்தது. ஆழமான சீழ் வேக்கில் 7.1 சதவீதம், சாதாரணக் கட்டில் 8.1 சதவீதம். வேறுபாடு என்று சொல்ல முடியாத அளவு. ஒரு வருடம் கழித்து எவ்வளவு நடக்க முடிகிறது, அன்றாட வேலை செய்ய முடிகிறது என்று பார்த்ததிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்பதும் அதோடு வந்த முடிவு.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்றால், அந்த ஆஸ்பத்திரிகளில் இரு தரப்புக்கும் சுத்தம் செய்யும் ஆபரேஷன் ஒழுங்காக நடந்தது. அது ஒழுங்காக நடந்த இடத்தில் மேலே போட்டது மெஷினா, வெறும் கட்டா என்பது பெரிதாகவில்லை. ஆகவே, மெஷினுக்குப் பணம் கட்ட முடியவில்லை என்று ஓர் ஏழைக் குடும்பம் குற்ற உணர்ச்சியில் தாலியை அடகு வைக்க வேண்டிய அவசியமே இல்லை. டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "வேக் இல்லாம சாதாரண டிரஸ்ஸிங்ல பண்ண முடியுமா சார்? அந்தக் காசை ஃபிளாப் ஆபரேஷனுக்கு வெச்சுக்கலாமா?" இது நியாயமான கேள்வி. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வேக்கோ வெறும் கட்டோ, காலைக் காப்பாற்ற முடியுமா என்பதை முதலில் கணிக்க வேண்டும். அதற்காகக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர்கள் 2006-ல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை உலகமெங்கும் பேசப்படுகிறது. தோல், எலும்பு, தசை நரம்புகள் மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, உடல்நிலைக்கும் சேர்த்து மொத்தம் 14-க்குள் இருந்தால் காலைக் காப்பாற்றப் பார்க்கலாம், 17-ம் அதற்கு மேலும் என்றால் காலை எடுத்துவிடுவதே பெரும்பாலும் நல்லது, நடுவில் இருந்தால் அனுபவமுள்ளவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதில் உங்களுக்கு உள்ள பங்கு என்ன தெரியுமா? மதிப்பெண்ணைக் கூட்டும் விஷயங்களில் சில உங்களுக்குத்தான் தெரியும். மருந்து எடுக்கும் சர்க்கரை நோய், வயல் சேறோ சாக்கடையோ பட்ட காயம், அடிபட்டு 12 மணி நேரத்துக்குமேல் சுத்தம் செய்யாமல் கிடந்தது. எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு விழுந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் கேட்கும் முன்னாலேயே சொல்லுங்கள். "சர்க்கரை லேசாத்தான் இருக்கு" என்று மழுப்பாதீர்கள்.

வார்டில் நடக்கும் சின்னத் தவறுகளுக்கு வருவோம். செல்போன் சார்ஜ் போட மெஷினின் பிளக்கைப் பிடுங்குவது அவற்றில் ஒன்று. பேட்டரி இருக்கிறதே என்று நினைப்பார்கள், அது தீர்ந்ததும் மெஷின் நின்றுவிடும். கரண்ட் போவது வேறு. அலாரம் அடித்தால் தூக்கம் கெடுகிறதென்று சத்தத்தை அமுக்கிவிடுவது இன்னொன்று. வெளியே கம்பி போட்டு எலும்பை நிறுத்தியிருக்கும் கால்களில், கம்பி தோலுக்குள் போகும் இடத்தில் படலம் சரியாக ஒட்டாது. அங்கேதான் 'உஸ்' என்று காற்று கசியும். அந்தச் சத்தம் கேட்டால் சிஸ்டரிடம் சொல்லி மேலே இன்னொரு படலம் ஒட்டச் சொல்லுங்கள். பீடி பிடிக்கக் குழாயைக் கழற்றிவிட்டு வெளியே போகிறவர்களும் உண்டு. புகை ரத்தக்குழாயைச் சுருக்கும், நாளைக்கு வைக்கப்போகும் ஃபிளாப்பையே சாகடிக்கும்.

எந்தக் காரணத்தாலோ உறிஞ்சல் ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால், அந்த ஸ்பாஞ்சை உள்ளே விட்டுவைக்கக் கூடாது. எடுத்துவிட்டுக் காயத்தைக் கழுவிப் புதிதாகப் போட வேண்டும், அல்லது சாதாரணக் கட்டாவது போட வேண்டும். நின்றுபோன மெஷினின் ஸ்பாஞ்ச் ஊறிய அழுக்குப் பஞ்சுதான். எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதிவைத்துச் சொல்லுங்கள்.

ஸ்பாஞ்சைப் பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். அதற்கு மேல் விட்டால் புதுச் சதை அதன் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். இழுக்கும்போது பிய்ந்து ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிடும். மேலே சதை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது, மாதங்கள் கழித்துச் சீழாக வெளியே வரும். பெரிய, குடைவான காயத்தில் 2, 3 துண்டுகள் வைப்பார்கள். வைத்த எண்ணிக்கையைப் படலத்தின் மேலேயே மார்க்கரில் எழுத வேண்டும், கேஸ் ஷீட்டிலும் எழுத வேண்டும், எடுக்கும்போது எண்ணி எடுக்க வேண்டும். தேதியும் எண்ணிக்கையும் படலத்தின் மேல் இல்லையென்றால், "சிஸ்டர், எத்தனை பீஸ் உள்ள இருக்கு? கொஞ்சம் எழுதிடுங்களேன்" என்று கேளுங்கள். ஒருவர் போட்டு இன்னொருவர் எடுக்கும் வார்டில் இந்த எழுத்துதான் பாதுகாப்பு. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் மெஷினை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

"மெஷினோட வீட்டுக்குப் போங்க, மூணு நாளைக்கு ஒருமுறை வாங்க" என்று டிஸ்சார்ஜ் செய்தால் யோசியுங்கள். ஆறிவரும் காயத்துக்கு, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவருக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் சமீபத்தில் ரத்தக்குழாய் தைத்தவர், ரத்தம் கட்டாமலிருக்க மருந்து எடுப்பவர், எலும்பு இன்னும் திறந்து கிடப்பவர், வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர், ராத்திரியில் வண்டி கிடைக்காத ஊர்க்காரர், இவர்களை மெஷினோடு அனுப்புவது சரியே இல்லை. போகமாட்டோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படியும் போக வேண்டியிருந்தால், ராத்திரியில் எடுக்கும் ஒரு போன் எண்ணைக் கையில் வாங்காமல் வாசல் தாண்டாதீர்கள்.

இவ்வளவும் ஆஸ்பத்திரிக்குள் நடப்பவை. அதற்கு முன்னால் ரோட்டோரத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. திறந்த எலும்பு முறிவில் ஆன்டிபயாடிக் ஊசி முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். டி.டி. ஊசியும் வேண்டும். மஞ்சள், காபித்தூள், இங்க் எதையும் காயத்தில் வைக்காதீர்கள். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி அழுத்திக் கட்டி, கட்டையோ அட்டையோ வைத்து அசையாமல் செய்து 108-ஐக் கூப்பிடுங்கள். தோல் கிழிந்த முறிவோடு கட்டுப் போடும் வைத்தியரிடம் போவது காலைத் தொலைக்கும் வழி. தமிழ்நாட்டில் விபத்து நடந்தால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை இல்லாதவரிடமும், வெளிமாநிலத்துக்காரரிடமும்கூடப் பணம் கேட்க முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. ஆகவே காசு புரட்டிக்கொண்டு வரலாம் என்று முதல் சுத்தம் செய்யும் ஆபரேஷனைத் தாமதிக்காதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜன் இல்லாத இடம் என்றால், அவர் இருக்கும் இடத்துக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். வேக் போட்டு 10 நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினால் அங்கே இருப்பவருக்கும் கை கட்டிப்போகும்.

வேக் போட்ட அன்று மாலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் இதைக் கேளுங்கள், பதிலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காயத்தை அடுத்து எப்போது திறந்து பார்ப்பீர்கள்? எலும்பை என்று மூடுவீர்கள், யார் மூடுவார்? ராத்திரியில் டப்பாவில் ரத்தம் வந்தால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? தேதியும் பெயரும் போன் எண்ணும் கிடைத்தால் தாளைப் பத்திரமாக வையுங்கள். கிடைக்கவில்லையென்றால் அன்றிரவே வேறொரு டாக்டரின் கருத்தைத் தேடத் தொடங்குங்கள்.